பதினோரு நொடி

என் தம்பியை அவன் அலுவலகத்தில் 'ஓரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் அவன் வேலை. ஏதோ ஒரு கூடத்தில் நின்று நடித்த ஆளைச் சினிமாவில் வேறொரு கிரகத்தில் நிறுத்த வேண்டுமென்றால், அந்த ஆளின் உருவத்தைச் சுற்றி ஓரம் வரைந்து தனியே பிரித்தெடுக்க வேண்டும். முடி, விரல், துணி மடிப்பு எதுவும் தப்பக் கூடாது. ஒரு நொடிக்கு இருபத்து நான்கு ஃப்ரேம். ஒவ்வொன்றிலும் வரைய வேண்டும். பதினான்கு வருடமாக அவனுக்கு இதுதான் பிழைப்பு.

அந்த வேலை ஆளைக் கொஞ்சம் கெடுத்தும் விட்டது. என் கல்யாண ஆல்பத்தைப் பார்த்தவன் நான் எப்படி இருக்கிறேன் என்று சொல்லவில்லை. "மாமாவோட இடது காது ஓரம் பிசிறு தட்டுதுக்கா" என்றான். சினிமாவுக்கு அழைத்துப்போனால் கதாநாயகி சாகும்போது எல்லோரும் மூக்கை உறிஞ்சுவார்கள், இவன் அவள் கம்மலைப் பார்த்துக்கொண்டிருப்பான். கதை என்னடா என்றால் திருதிருவென்று விழிப்பான்.

நான் அதற்கு நேர் எதிர். தினசரி ஒன்றில் சினிமா விமர்சனம் எழுதுகிறேன். எங்கள் பத்திரிகையில் விமர்சனத்துக்கு அடியில் இரண்டு கட்டங்கள் உண்டு, பலம் என்று ஒன்று, பலவீனம் என்று ஒன்று. என் பலவீனக் கட்டம்தான் எப்போதும் நிரம்பி வழியும் என்று ஆசிரியர் அலுத்துக்கொள்வார். மோசமான படத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, அதற்கு நான் என்ன செய்ய?

அம்மாவுக்கு என் வேலை புரியும். திட்டுவதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகவே சொல்லுவாள். தம்பியின் வேலைதான் அவளுக்குக் இத்தனை வருடமாகப் பிடிபடவில்லை. "வரைஞ்சதை நாம பாக்கவும் முடியாதுங்கறான். பாக்க முடிஞ்சா தப்புங்கறான். அது என்னடி வேலை?" என்பாள்.

இந்த வருடம் அவனுக்கே அந்தக் கேள்வி வந்துவிட்டது. நாற்பது வயது, கழுத்தில் வலி, கண்ணில் எரிச்சல். என் வீட்டுக்காரர் தரைக்கல் கடை வைத்திருக்கிறார். இரண்டாவது கிளைக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும், நீ வந்துவிடு என்று அவனை ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "நான் பண்ணின படம் ஒண்ணு வரணும் மாமா. அதைப் பாத்துட்டு அன்னைக்கே சொல்றேன்" என்றான் அவன். என்ன படம் என்று சொல்லவில்லை. பெற்ற தாயிடம்கூடச் சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்களாம். எவ்வளவு கிண்டியும் கிணற்றில் போட்ட கல்லாக இருந்தான்.

நான் அம்மா வீட்டில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் அங்கே வந்து, மூன்று டிக்கெட்டுகளை மேஜைமேல் வைத்தான். ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த விண்வெளிப் படத்தின் இரண்டாம் பாகம். நான் வியாழக்கிழமையே பத்திரிகைக்காரர்களுக்கான காட்சியில் அதைப் பார்த்து, வெள்ளிக்கிழமை பேப்பரில் கிழித்துத் தொங்கவிட்டிருந்தேன்.

"என் விமர்சனத்தைப் படிச்சியா?" என்றேன்.

"படம் பாக்கறதுக்கு முன்னாடி உன்னுதை எவன் படிப்பான்? சாப்பிடற தட்டுல மண்ணைப் போட்ட மாதிரி ஆயிடும்."

"எந்த சீன்டா நீ பண்ணினது?"

"வரும்போது சொல்றேன். பதினோரு நொடி. அஞ்சு மாசம் ஆச்சு, நாலு தடவை திருப்பி அனுப்பினாங்க." அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் பல வருடமாகப் பார்த்ததில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

தியேட்டருக்குப் போகிற வழியெல்லாம் நான் எழுதியதையே மனதுக்குள் புரட்டிக்கொண்டு போனேன். பாராட்டவும் செய்திருந்தேன். பனி நிலாவில் நடக்கும் சண்டையில் சத்தமே இல்லாமல் விட்டது துணிச்சல். முதல் பாகத்தில் வெறும் துடுக்காக இருந்த அந்தக் கப்பலோட்டிப் பெண்ணுக்கு இதில் ஒரு பயம் வந்திருந்தது, அதனாலேயே அவளைப் பிடித்தது. ஆனால் முதல் பாகத்தில் வாயே திறக்காமல் மிரட்டிய அரசனை இதில் பேசவைத்தே கொன்றிருந்தார்கள். செத்தவனெல்லாம் திரும்பி வந்தால் சாவுக்கு என்ன மரியாதை? கடைசி இருபது நிமிடம் முழுக்க மூன்றாம் பாகத்துக்கு விளம்பரம். ஒரு கல்யாணத்துக்கு வந்தவர்களை உட்காரவைத்து அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கிறார்கள் என்று எழுதியிருந்தேன். இதில் எது என் தம்பியுடையது? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். என் குஞ்சையே நான் கொத்தியிருந்தால்?

படம் தொடங்கியது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அம்மா கேட்டாள், "இதாடா?"

"இல்லம்மா. வரும்."

இரண்டாம் பாதியில் உப்புக் கிரகம் வந்தது. வானமெல்லாம் உப்புப் புயல். கப்பலோட்டிப் பெண் கிளம்புகிறாள், அவள் அம்மா வழியனுப்ப வந்திருக்கிறாள். தம்பி சீட்டின் நுனிக்கு வந்து அம்மாவின் கையைப் பிடித்தான். "இப்பம்மா, இப்ப பாரு."

திரையில் இரண்டு கைகள் மட்டும். பெரியவளின் கை சின்னவளின் கையை விட்டது. உடனே கப்பல் சீறிக்கொண்டு மேலே போனது. தியேட்டரே விசில் அடித்தது.

"எதுடா?" என்றாள் அம்மா.

"போயிடுச்சும்மா."

"எங்க போச்சு?"

அந்தக் கைகள் திரையில் இருந்தது மூன்று நொடிகூட இருக்காது.

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. பெயராவது வருமே என்று அம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். எட்டு நிமிடம். துடைப்பக்காரர் எங்கள் வரிசைவரை வந்து காத்திருந்தார். அவன் பெயர் வரவில்லை. "எங்க கம்பெனியில நூத்தி முப்பது பேர் பண்ணினோம். நாப்பது பேருக்குத்தான் இடம் குடுத்தாங்க" என்றான். அது அவனுக்கு முன்பே தெரியும். நொடிகளைக் குறைத்ததுதான் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான். "மாமாவுக்கு ஃபோன் போடப் போறேன். கடைக்கே வந்துடறேன்னு."

"எடுத்தேன் கவிழ்த்தேன்னு பேசாதடா" என்று கத்தினேன்.

"பதினாலு வருஷம் இருந்துட்டுத்தான் பேசறேன், எடுத்தேன் கவிழ்த்தேன்னா?"

அவன் சொன்னது நியாயம்தான், அதுதான் தாங்க முடியவில்லை. அழுகை வந்தது, கோபமாக இருப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மேஜையில் வெள்ளிக்கிழமை பேப்பர் கிடந்தது. அவன் அதை எடுத்தான். "திட்டியிருக்கியா? நல்லா திட்டியிருந்தா இப்ப படிக்க இதமா இருக்கும்" என்று பிரித்தான். அரசனைப் பற்றிய இடத்தில் லேசாகச் சிரித்தான். பலவீனம் கட்டத்தின் கடைசி வரிக்கு வந்தபோது நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து படித்தான். பிறகு வாய்விட்டுப் படித்தான்.

"'உப்புக் கிரகத்தில் தாய் மகளின் கையை விடும் காட்சி இவ்வளவு சீக்கிரம் ஏன் முடிகிறது? படத்தின் இதயம் அங்கேதான் இருக்கிறது. அதைப் பார்க்க விடாமல் கப்பலைக் கிளப்பிவிட்டார்கள்.'" பேப்பரைக் கீழே வைத்தான். "உனக்கு யாராவது சொன்னாங்களா?"

"யாருடா சொல்லுவா? அதான் உன்னுதுன்னு இன்னைக்கு மதியம்தானே எனக்கே தெரியும். அன்னைக்குப் பாக்கும்போதே எரிச்சலா வந்துது. கையை விட்டா, சரி. விட்டதுக்கு அப்புறம் அந்தக் கை என்ன செஞ்சுதுன்னு காட்ட வேண்டாமா?"

"செஞ்சுது" என்றான். "மீதி எட்டு நொடி அதுதான்."

அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"எங்களுக்குச் சத்தம் வராதும்மா, கதையும் சொல்ல மாட்டாங்க. வெறும் கையைத்தான் அனுப்புவாங்க. ரெண்டு மாசம் நான் அந்தக் கைக்காரியை எதிரின்னு நினைச்சேன். பொண்ணைப் பிடிச்சுத் தள்றாள்னு நினைச்சு ஓரத்தை விறைப்பாவே வரைஞ்சிட்டிருந்தேன். ஒருநாள் கட்டைவிரல் நகத்துக்கிட்ட வரையும்போதுதான் புரிஞ்சுது, இது அம்மாடான்னு. மொதல்லேர்ந்து எல்லாத்தையும் அழிச்சுட்டு வரைஞ்சேன்."

"கட்டைவிரல் என்ன பண்ணுச்சு?" என்றாள் அம்மா.

அவன் வலது கையைக் காற்றில் நீட்டினான். விரல்கள் விரிந்தபடியே சற்று நேரம் இருந்தன. பிறகு கட்டைவிரல் மட்டும் முன்னே போய், அங்கே இல்லாத ஒரு கையின் மேற்புறத்தை ஒருமுறை தடவியது. மற்ற விரல்கள் ஒவ்வொன்றாக மடிந்தன. முழுக்க மடிந்த பிறகு, உள்ளே ஒன்றுமில்லை என்று அப்போதுதான் தெரிந்ததுபோல ஒரு சின்ன அதிர்வு. கை மெதுவாக மார்புக்கு வந்து சட்டையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. இத்தனை வருடமாக ஓரத்தைத் தவிர எதையும் பார்க்காதவன் என்று நான் கேலிசெய்த ஆள். படம் முழுவதும் வராத அழுகை எனக்கு அங்கே வந்தது.

அம்மா எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "இதையா வெட்டிட்டானுங்க? படுபாவிங்க" என்றாள். "இன்னொரு தடவை காட்டு."

அவன் காட்டினான். மூன்றாவது தடவை அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கிட்ட நகர்ந்து வந்தாள்.

அதற்குள் அவன் ஃபோன் அடித்தது. என் வீட்டுக்காரர்தான், பதிலுக்காக. தம்பியின் கை பாதி மடிந்த நிலையில் இருந்தது, அவன் ஃபோனையும் எங்களையும் பார்த்தான். அம்மா அவனைத் தொடவிடாமல் தானே எடுத்தாள்.

"அவன் வேலை செஞ்சிட்டிருக்கான் மாப்பிள்ளை" என்றாள். "இப்ப கூப்பிட முடியாது."