ஒன்று முடிந்ததும் பத்து

பாட்டு ஏற்றிக் கொடுக்கிற தொழிலில் இருந்தவனுக்கு எந்தப் பாட்டும் முழுசாகத் தெரியாது. முதல் பத்து நொடி ஓடினாலே, "ஏறிடுச்சு, அடுத்த ஆள் வாங்க" என்று சொல்லிவிடுவான். தொண்ணூற்று மூன்றில் திண்டிவனத்தில் கேசட் பதிந்து கொடுக்க ஆரம்பித்தவன் நான். பிறகு விழுப்புரத்துக்குக் கடையை மாற்றி, நெருப்புப் பெட்டி அளவில் எம்பி3 பிளேயர் வந்ததும் அதற்குத் தாவினேன். உங்களிடமும் ஒன்று இருந்திருக்கும். கழுத்தில் கயிறு, ஒரு காதில் மட்டும் கேட்கிற இயர்போன், நல்ல பாட்டு வரும்போது பார்த்துத் தீர்ந்துபோகிற பென்சில் பேட்டரி. அதனோடு மல்லுக்கட்டிய மகாஜனங்களே, நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி உண்மை. எந்த முக்கால் என்று மட்டும் கேட்கக் கூடாது.

இரண்டு கோணி, ஒரு சட்டைப்பை

மைக் செட் ஆரோக்கியத்துக்கு வளவனூர் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமோ காதுகுத்தோ, எங்கே போனாலும் குழாய் ஸ்பீக்கரோடு இரண்டு கோணி நிறைய கேசட்டும் கூடவே போகும். அவர் ஊர் மாதா கோயில் திருவிழாவுக்கு அவருடைய அப்பா காலத்திலிருந்து அவர்கள் வீட்டு மைக் செட்தான். மற்ற எந்த ஆர்டர் போனாலும் கவலைப்பட மாட்டார். அந்தத் திருவிழா மட்டும் கைவிட்டுப் போனால் ஊரில் தலைகாட்ட முடியாது என்பார்.

ஒருநாள் அவரிடம் ஒரு பிளேயரைக் காட்டி, "உன் ரெண்டு கோணியும் இதுக்குள்ள அடங்கும்" என்றேன். என் வாயை நம்பாத புத்திசாலி அவர். அன்றைக்குப் பார்த்து நம்பிவிட்டார். அதே வாரம் டேப்பையும் கேசட்டையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, பிளேயரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். போட்டவர் என் கடை வாசல்வரை போவதற்குள் நாலு தரம் பையைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் திரும்பி வந்து சொன்னார்:

"கோணிய எங்கியாவது மறந்து வுட்டா நாலு பேரு கூப்ட்டுக் குடுப்பான், ணா. இது கீழ வுழுந்தா எறும்பு இழுத்துக்கினு போயிடுமே!"

பெண் வருவதற்கு முன்

முதல் போணி பனமலைப் பக்கம் ஒரு கல்யாணம். கல்யாண வீட்டுப் பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பிள்ளையார் பாட்டு, நடுவில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாழ்த்தி நாலைந்து, கடைசியில் பெண்ணை மாமியார் வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு கண்ணீர்ப் பாட்டு. அந்த வரிசையில்தான் ஏற்றிக் கொடுத்தேன். கேசட்டாக இருந்தால் பதிந்த வரிசையில் பாடும். இந்தப் பிளேயரோ பள்ளிக்கூட வாத்தியார் ஆஜர் எடுப்பதுபோல ஆங்கில எழுத்து வரிசையில் பெயர் கூப்பிடும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? கண்ணீர்ப் பாட்டின் பெயர் 'ஏ'யில் ஆரம்பித்துத் தொலைத்தது.

நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்தினார். ஆரோக்கியம் பட்டனை அழுத்தினார். குழாய் ஓவென்று அழுதது. பனமலை ஏரியில் இருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தது என்று சொல்வேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள். பெண்ணின் தாய்மாமன் மட்டும் நிதானமாக மைக் செட் பக்கம் வந்து நின்றார்.

"இன்னும் பொண்ணே உள்ள வரல. அதுக்குள்ள அனுப்பி வெச்சிட்டு அழறியேப்பா!"

சத்தமில்லாத பாட்டுகள்

இடையில் ஒரு ஆறுதல். கோட்டக்குப்பத்து பாய் ஒருவர் துபாயிலிருந்து வரும்போது வாங்கி வந்த பிளேயரை நீட்டினார். மேலே எட்டு ஜிபி என்று போட்டிருந்தது. பொழுதன்னைக்கும் உட்கார்ந்து இரண்டாயிரம் பாட்டு ஏற்றினேன். அப்புறம்தான் தெரிந்தது, எட்டு என்பது அட்டையில் மட்டும்தான். உள்ளே இருப்பது ஒன்று. இருநூறு பாட்டு பாடும். மிச்சம் ஆயிரத்து எண்ணூறுக்கும் பெயர் வரும், நேரம் ஓடும், சத்தம் வராது. அதைச் சொல்லாமலே கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து பாய் கடைக்கு வந்தபோது நான் மேஜைக்கடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அவர் சண்டைக்கு வரவில்லை. விழுப்புரத்தில் பஸ் ஏறி, அந்தச் சத்தமில்லாத பாட்டுக்குப் போய்விட்டால் அப்படி ஒரு தூக்கமாம். ஒருநாள் ஊரில் இறங்காமல் மூன்று முறை போய்த் திரும்பியிருக்கிறார். நாலாவது டிரிப்புக்குக் கண்டக்டரே டிக்கெட் கேட்கவில்லையாம்.

"பாடற பாட்டு வேணா மாத்திக்கப்பா. பாடாத பாட்டுல மட்டும் கைய வெச்சிடாதே!"

எண் போட்ட மூளை

கல்யாணச் சேதி ஆரோக்கியத்தின் ஊருக்கு அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. திருவிழாக் குழுத் தலைவர் சவரிமுத்து வாத்தியார் கூப்பிட்டு, "இந்த வருஷம் ஒரு தப்பு நடந்தாலும் அடுத்த வருஷம் வேற மைக் செட்" என்று சொல்லிவிட்டார். ஆரோக்கியம் என் கடையில் வந்து பேயறைந்த மாதிரி உட்கார்ந்தார். டேப்பை விற்க வைத்த பாவி நான்தானே! இந்தத் தடவை பாட்டின் பெயருக்கு முன்னால் ஒன்று, இரண்டு என்று பன்னிரண்டு வரை எண் போட்டேன். ஒன்பது வரை தேர் ஊர்வலப் பாட்டு. பத்தாவது, வாத்தியாரே பேசிப் பதிந்த அறிவிப்பு. பதினொன்று, பன்னிரண்டு சாப்பாட்டு நேரத்துக்கு.

திருவிழா அன்று சாயங்காலம் தேர் கிளம்பியது. முன்னால் போன டெம்போவில் ஆரோக்கியமும் நானும். முதல் பாட்டு முடிந்தது. அந்தப் படுபாவிப் பெட்டிக்கு ஒன்றை அடுத்து வருவது இரண்டு இல்லையாம். எழுதும்போது ஒன்றில் ஆரம்பிக்கிற பத்துதானாம்! வாத்தியாரின் குரல் கணீரென்று வந்தது: "தேர் கோயிலுக்குத் திரும்பிவிட்டது. அனைவரும் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக அமரவும். உணவு பரிமாறப்படும்." தேர் இன்னும் முதல் தெருமுனையைத் தாண்டவில்லை. ஆனால் வாத்தியார் சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது. தேர் தூக்கியவர்கள் திரும்பினார்கள். பாதிக் கூட்டம் இலையைத் தேடிப் போனது. வாத்தியார் குடையை ஓங்கிக்கொண்டு எங்களை நோக்கி வந்தார்.

ஆரோக்கியம் ஒயரைப் பிடுங்கினார். மைக்கை எடுத்தார். இருபது வருஷமாகக் கேட்ட இரண்டாம் பாட்டை அவரே பாட ஆரம்பித்தார். தண்ணீர் இல்லாத கிணற்றில் மோட்டார் ஓடினால் வருமே, அந்தக் குரல். ஊர்வலத்தில் வந்த பெண்களுக்கு அதைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. அந்தக் குரலை அமுக்குவதற்காகவே அவர்கள் உரக்கப் பாடினார்கள். பிறகு ஆண்கள். இலையைத் தேடிப் போனவர்கள்கூடச் சத்தம் கேட்டு ஓடிவந்தார்கள். தேர் மறுபடி திரும்பியது. மிச்சம் எட்டுப் பாட்டையும் ஊரே பாடி, தேர் சுற்றிக் கோயிலுக்கு வந்து சேர்ந்தது.

தொண்டை கட்டிப்போய் நின்ற ஆரோக்கியத்திடம் வாத்தியார் வந்தார். குடை இப்போது அக்குளில் இருந்தது.

"உன் பொட்டி பண்ண தப்ப நான் மன்னிச்சிடுவேன். நீ பாடனத மாதாதான் மன்னிக்கணும். அடுத்த வருஷமும் நீயே வா, ஆனா பொட்டியோட வா!"

இத்தனை வருஷத்தில் ஒழுங்காக ஏற்றிக் கொடுத்த லட்சம் பாட்டை ஒருத்தரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. கெடுத்துக் கொடுத்த நாலைந்துக்குத்தான் இன்றைக்கும் வழியில் நிறுத்தி எனக்கு டீ வாங்கித் தருகிறார்கள்.