பம்பாய்க்குப் போன மோர்மிளகாய்

அக்கா மகன் நாளை மறுநாள் மும்பை போகிறான். நான்கு நாள் ஆபீஸ் வேலை. "மாமா, டிப்ஸ் ஏதாச்சும் சொல்லுங்க" என்று இன்று மாட்டுத்தாவணி பஸ்ஸில் கேட்டான்.

எனக்கு எண்பதுகளில் போன பம்பாய்தான் ஞாபகம் வந்தது.

இன்டர்வியூவுக்காக வாடிப்பட்டியிலிருந்து கிளம்பும்போது எதிர்வீட்டு மதினி ஒரு மஞ்சப்பையை நீட்டினார். "தம்பி, மாதுங்கால என் தங்கச்சி இருக்கா. இந்த மோர்மிளகாய மட்டும் குடுத்துருங்க."

வழி நெடுக அந்தப் பையைத் திட்டிக்கொண்டேதான் போனேன்.

இறங்கினால் கொட்டும் மழை. சொல்லிவைத்திருந்த லாட்ஜில் இடமில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். எனக்கோ இந்தி ஒரு வார்த்தை தெரியாது. அந்த ஊரில் என்னிடம் இருந்த ஒரே விலாசம் மதினி எழுதிக் கொடுத்ததுதான்.

கதவைத் திறந்த தங்கச்சி, பையிலிருந்து ஒரு மிளகாயை எடுத்து அப்படியே கடித்தார். "யாத்தே, இம்புட்டு உப்பா! எங்கக்கா போட்டதேதான். நீங்க எங்கிட்டும் போக வேணாம்ண்ணே, இங்கனயே தங்குங்க."

மூன்று நாள் சோறு போட்டார்கள். அவர் வீட்டுக்காரர் லோக்கல் ரயிலில் என்னோடு இன்டர்வியூ வரைக்கும் வந்தார். வேலை கிடைத்தது. இன்றைக்கும் நான் சாப்பிடுவது அந்த உப்பைத்தான்.

"அதனால, யார் பார்சல் குடுத்தாலும் வாங்கிக்க மாப்ள" என்றேன்.

"லேப்டாப் பை மட்டுந்தான் மாமா எடுத்துட்டுப் போறேன்" என்கிறான்.

மும்பையில் சொந்தபந்தம் உள்ளவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். அவனுக்குப் பெரிய பையாக ஒன்று வாங்கிவிட்டேன். இன்னும் அவனிடம் சொல்லவில்லை.