கடைசி நாள் டிக்கெட்டும் காராச்சேவும்

மஞ்சள் உல்லன் பந்து மட்டையில் படும்போது ஒரு சத்தம் வரும். டொப்... நூல் மூட்டையைத் தட்டின மாதிரி. அன்றைக்குச் சாயந்தரம் முழுக்க ஓலைத் தட்டிக்கு வெளியே நின்று அந்தச் சத்தத்தைத்தான் கேட்டேன்.

வாசலில் இருந்தவர்கள் நாலு பேர். டிக்கெட் கிழிக்கிற மாரிமுத்து. செருப்புக்கடை அண்ணாச்சி. அந்த வழியாகப் போன என் வீட்டுக்காரரின் அக்கா ஆதிலட்சுமி. நான். தட்டிக்கு உள்ளே, களத்தில் என் தம்பி கோவிந்தன். என் நாற்காலியில் பந்தல்குடி லாரிக்காரர் ஒருத்தர்.

அறுபதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமாகி மறு வருஷம். அருப்புக்கோட்டையில் ஏழு நாள் பூப்பந்து டோர்னமெண்ட் போட்டார்கள். ஏழு நாளுக்கும் சேர்த்து ஒரே அட்டை, சீசன் டிக்கெட். அதில் ஏழு கட்டம். உள்ளே போகும்போது அன்றைய கட்டத்தைக் கிழித்துக்கொள்வார்கள். நம்பர் உண்டு, பேர் கிடையாது. அட்டை யார் கையில் இருக்கிறதோ அவருக்கு நாற்காலி.

கமிட்டிக்காரர்கள் எங்கள் நெசவுத் தெருவுக்கு வந்து கேட்டார்கள். இல்லையென்று சொல்லத் தெரியாத என் வீட்டுக்காரர் ஒன்று வாங்கிவிட்டார். அப்புறம்தான் யோசித்தார். தறிக்காரர்களுக்கு அமாவாசை ஒன்றுதான் லீவு. மற்ற நாளில் காலைத் தொங்கப்போட்டு நெய்கிற தறிக்குழியை விட்டு எழுந்திருக்க முடியாது. டோர்னமெண்டில் பைனல் மட்டும்தான் அமாவாசையில் விழுந்தது.

எங்கள் தெருவில் அட்டை வாங்கின எல்லாருக்கும் இதே கதி. முதல் நாளே தெரு முழுக்க ஆறு ஆறு நாளாக விலைக்கு வந்துவிட்டது... வாங்கினதெல்லாம் பஜார் கடைக்காரர்கள்.

"பைனலுக்கு நீ போ, உந்தம்பி ஆடுனா பாத்துட்டு வா. மிச்ச நாள என்னமும் செஞ்சுக்க" என்று என்னிடம் கொடுத்துவிட்டார் என் வீட்டுக்காரர்.

தம்பி வெறுங்காலில் ஆடுகிறவன். வெளியூர் டீம்களில் எல்லார் காலிலும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. நான் நேராகச் செருப்புக்கடைக்குப் போனேன். ஆறு நாள் அண்ணாச்சி பார்ப்பது, அதற்கு ஈடாகத் தம்பிக்கு ஒரு ஜோடி கேன்வாஸ், பைனல் அன்று காலையில் அட்டை என் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். இதுதான் பேச்சு.

"சரி தாயி. ஆடுறவன் காலுல நம்ம கடைச் சரக்கு. ஊரே பாக்கட்டும்" என்றார்.

தம்பி டீம் பைனலுக்கு வந்துவிட்டது.

அமாவாசை அன்று தலைக்குக் குளித்து, தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். மத்தியானம் தாண்டியும் அட்டை வரவில்லை. ஆதிலட்சுமிதான் வந்து ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்தாள்.

"அண்ணாச்சி மறந்திருப்பாக. வாசல்லதான் நிப்பாக, போயி வாங்கிக்க. இந்தா, இத வாயில போட்டுட்டே போ."

காராச்சேவு. சூடு ஆறவில்லை. மிளகு தூக்கலாக... நடந்துகொண்டே தின்று தீர்த்தேன்.

வாசலில் அண்ணாச்சி நின்றார். அவருக்கும் அன்றைக்கு டிக்கெட் கிடைக்கவில்லை.

"காலையிலயே ஒன் நாத்தனா கையில குடுத்துட்டனே தாயி" என்றார்.

மாரிமுத்து எட்டிப் பார்த்தான். "நாப்பத்திமூணாம் நம்பரா? அது உள்ள போயிருச்சும்மா. பந்தல்குடி லாரிக்காரரு உக்காந்திருக்காரு. நல்ல வெலைக்கு வாங்குனேன்னு சொன்னாரு."

அந்த நேரம் பார்த்து ஆதிலட்சுமி தலை நிறையப் பூவோடு கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் நாங்கள் தெலுங்குதான். ஊருக்குக் கேட்க வேண்டிய சண்டை என்றால் தமிழ். தமிழில் கேட்டேன்.

"யாரக் கேட்டு மதினி என் டிக்கெட்ட வித்தீக?"

அவள் நடையைக்கூட நிறுத்தவில்லை. "ஆறு நாள நீ வித்த. ஒரு நாள நான் வித்தேன். உந்தம்பி எங்க போயிரப் போறான்? வீட்டுக்கு வருவான், பாத்துக்க. சேவு நல்லாருந்துச்சுல்ல?"

அதற்குப் பதில் ஆட்டம் முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போதுதான் எனக்கு வந்தது. ஆறு நாளை விற்றது தம்பி காலுக்கு. ஏழாவது நாளை வைத்திருந்தது என் கண்ணுக்கு... அதை யாரிடம் போய்ச் சொல்ல?

நானும் அண்ணாச்சியும் தட்டி ஓரமாக நின்றோம். டொப்... டொப்... அம்பயர் பாயிண்ட் சொல்வது காற்றில் பாதிதான் வரும். மூன்றாவது ஆட்டத்தில் திடீரென்று ஒரே சிரிப்பு, விசில். என்னவென்று தெரியவில்லை. அப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஊரே கத்தியது.

கோவிந்தன் கேன்வாஸைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். இரண்டு குதிகாலிலும் ரத்தம்.

"பைனலுக்குன்னு வச்சிருந்த புதுச் சப்பாத்து கடிச்சிருச்சுக்கா. கழட்டி வீசிட்டு வெறுங்கால்ல ஆடுனேன். ஜெயிச்சுட்டோம். பாத்தியா?"

அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாத்தேன்" என்றேன்.

அதற்கப்புறம் நாற்பது வருஷம். எந்த விசேஷ வீட்டில் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலும், "எங்க அக்காவக் கேளுங்க. நேர்ல பாத்த ஆளு" என்பான். நான் தலையாட்டுவேன். அவன் போய்ச் சேருகிற வரைக்கும் தலையாட்டினேன்.

இப்போது பேத்தி சென்னையில் கிரிக்கெட்டுக்கு சீசன் டிக்கெட் எடுத்திருக்கிறாள். லீவு கிடைக்காத நாளை, சோற்றைப் பிசைந்துகொண்டே போனில் விற்றுவிடுகிறாள்.

"யாருத்தா வாங்குனா?" என்று கேட்டேன்.

"எவனோ வாங்குனான் அப்பத்தா. யாரா இருந்தா என்ன?"

அதுவும் ஒரு நிம்மதிதான்... முகம் தெரியாதவன்மேல் எத்தனை நாள் கோபப்பட முடியும்?

லாரிக்காரர் விலை கொடுத்து வாங்கினார், அவர்மேல் தப்பில்லை. மாரிமுத்து அவன் வேலையைப் பார்த்தான். அண்ணாச்சி என்னோடு வெயிலில் நின்றார். என் தம்பியிடம் நாற்பது வருஷம் என்னைப் பொய் சொல்ல வைத்தவள் இருக்கிறாளே... அவள் கடைசிக் காலத்தில் நான்தான் கஞ்சி ஊற்றினேன், அவள் போனபோது அழவும் அழுதேன்.

ஆனாலும் ஆதிலட்சுமியை மன்னிக்க மாட்டேன்.