கறுப்பு வண்டல்

எங்கள் ஊரில் முனிரத்தினத்தைப் பைத்தியம் என்று முதலில் சொன்னவன் நான்தான். எங்கள் இருவர் வயலுக்கும் நடுவே ஒரே வரப்பு. இருபத்திரண்டு வருடம் இரண்டு பேரும் நெல்லுக்கு மேல் நெல், யூரியாவுக்கு மேல் யூரியா என்றே ஓட்டினோம். மண் இறுகி, மண்வெட்டி போட்டால் துள்ளியது. விளைச்சல் பாதியானது. என் மகன் ஒரகடத்தில் கார் கம்பெனி லைன் வேலைக்குப் போய்விட்டான். நான் விதியைத் திட்டிக்கொண்டிருந்தேன். முனிரத்தினம் நெல்லை நிறுத்தினார்.

மூன்று வருடம் ஒரு போகம் உளுந்து, அடுத்தது பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு என்று மாற்றி மாற்றிப் போட்டார். ஆளுயரம் வளர்ந்து மஞ்சளாகப் பூத்த செடியை அப்படியே மடக்கி உழுதபோது நான் வரப்பில் நின்று சிரித்தேன்.

“இன்னாண்ணே, மாட்டுக்குப் போடாம மண்ணுக்குத் துன்னக் குடுக்கிற?”

“அதுதான்டா பசியோட கீது,” என்றார்.

சாது என்று நினைத்துவிடாதீர்கள். நிலம் கேட்டு வந்த புரோக்கரைச் சேற்றுக் கையோடு பிடித்துத் தள்ளியவர். மண்ணிடம் மட்டும்தான் பொறுமை. போன தையில் என்னைக் கூப்பிட்டு ஒரு வெட்டு மண்ணைப் புரட்டிக் காட்டினார். உள்ளே ஏழு மண்புழு. அவருக்குக் கண் கலங்கியது. எனக்கு வயிறு எரிந்தது.

சித்திரையில் ஏரி வற்றியதும் வயலுக்கு வண்டல் அடிப்பது எங்கள் வழக்கம். நிறம் பார்த்துத்தான் எடுப்போம். கறுப்பாக இருந்தால் கொழுத்த மண். கம்பெனிகள் பக்கமிருந்து வரும் கால்வாய் ஏரியில் விழுகிற மூலையில் வண்டல் மைபோல் இருந்தது. முனிரத்தினம் அங்கிருந்தே இருபது லோடு அடித்தார்.

“நீயும் எடுத்துக்கடா நடேசா, இந்த மாதிரி வண்டல் கெடைக்காது,” என்று என்னையும் கூப்பிட்டார். ஊர் டிராக்டரெல்லாம் கம்பெனி மனைக்கு மண் நிரப்பப் போயிருந்ததால் எனக்குப் பத்து நாள் தாமதம்.

என் முதல் லோடு வந்த காலை, அவர் வண்டிக்குக் குறுக்கே நின்றார். முந்தின நாள்தான் தன் வயலில் கொட்டிய வண்டல் மேல் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்.

“கொட்டாத நடேசா. வேணாம்.”

“உனக்கு இருபது லோடு, எனக்கு ஒண்ணுகூட ஆவாதா?”

“புழுவெல்லாம் செத்துப்பூட்ச்சிடா.”

என் வயலும் தேறிவிடும் என்று உனக்குப் பொறுக்கவில்லை என்று கத்தினேன். வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். தோளைப் பிடித்து ஒதுக்கினேன். எதற்கும் கை ஓங்குகிற மனிதர், அன்று திரும்பித் தன் வயலுக்குள் இறங்கிப் போனார். பதினோரு லோடு கொட்டினேன்.

ஆடியில் நான் நட்ட நாற்று பதினைந்தே நாளில் கருகியது. அவர் எதுவும் நடவில்லை. மேல் மண்ணைச் சுரண்டிக் கூடையில் வாரித் தினமும் தனியாக வெளியே கொட்டுகிறார். மூன்று வருடமாகத் தேற்றிய மண்ணும் அதோடு போகிறது.

நேற்று மண்வெட்டியோடு போய் அவர் பக்கத்தில் நின்றேன். அவர் நிமிரவில்லை.

“அன்னிக்கு வரப்பு மேலயே புழுவெல்லாம் செத்துக் கெடந்துச்சு. நீ கொஞ்சம் குனிஞ்சு பாத்திருக்கலாம்டா,” என்றார்.

நான் அன்றே பார்த்தேன். வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கியபோது என் செருப்பை ஒட்டியே கிடந்தன. பார்த்துவிட்டுத்தான் கொட்டச் சொன்னேன்.