இரண்டு முறை தேசிக்காய் வைத்த கார்

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஒரு காருக்குத் தேசிக்காய் வைத்தோம். நாலு சில்லுக்கும் அடியில் நாலு. ஐயர் கற்பூரம் காட்டினார். கார் நகர்ந்தது, தேசிக்காய் நசிந்தது.

இதில் என்ன புதினம் என்கிறீர்களா? அதே காருக்கு, அதே வாசலில், இரண்டு கிழமைக்கு முன்பும் தேசிக்காய் வைத்தோம். ஒரே காருக்கு இரண்டு முறை வைத்ததை ஐயரே கண்டதில்லையாம்.

காரணம் நான்தான். இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும் — என் வெற்றிகளை மறைத்து வைக்கிற ஆள் இல்லை நான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். லண்டனுக்கு வந்து பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் அடித்தவன். இன்று தோர்ண்டன் ஹீத்தில் சொந்தக் கராஜ்... இதையெல்லாம் நான் சொல்லாவிட்டால் யார் சொல்வது? ஆகவே மற்றதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

டூட்டிங்கில் இருக்கும் சிவபாதம் இரண்டு மாதத்துக்கு முன் ஒரு மொறிஸ் மைனரை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வெளிர்பச்சை. முப்பத்தைந்து வயது தாண்டிய வண்டி. அவருடைய மனைவி யோகம் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கிற வேலை செய்கிறவர். அப்படிப் பார்த்த ஒரு வெள்ளைக்கார அம்மா அன்போடு கொடுத்துவிட்டுப் போன கார்.

"மழைக்க பிரேக் பிடிக்கேல்லை அண்ணை," என்றார் சிவபாதம். "சீப்ரா குறொசிங்கில ஒரு தாய் பிள்ளை வண்டில் தள்ளிக்கொண்டு வந்தவ. ஒரு சாண் தள்ளித்தான் நிண்டது. அண்டையில இருந்து கார் வெளிய எடுக்கேல்லை."

யார் எடுக்கவில்லை? அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன் — அன்று காரை ஓட்டியவர் யோகம். அந்தப் பிள்ளையின் தாய் போட்ட சத்தம் காதைவிட்டுப் போகாமல், விடியற்காலை ஷிப்டுக்கு இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தவரும் அவர்தான். அவர் மறுபடி ஸ்டியரிங்கைத் தொடுவாரா? அந்த வீட்டில் இருந்த ஒரே கேள்வி அது. எனக்கோ அது வெறும் பிரேக் வேலை.

பிரேக்கோடு நிற்கிறவனா நான்? ஊரில் சாமான் தட்டுப்பாட்டுக் காலத்தில் மொறிஸ் மைனருக்கு ஜப்பான் எஞ்சின் இறக்கிய கை இது. அடிபட்ட ஜப்பான் கார் ஒன்றிலிருந்து எஞ்சினும் ஐந்து கியர் கொண்ட பெட்டியும் கழற்றினேன். நடுத்தரையை வெட்டி, பின் சில்லைச் சுற்றும் பிரொப் ஷாஃப்டைக் குறுக்கி, ரேடியேட்டரை முன்னுக்குத் தள்ளி... முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக். காலின் பலத்தைப் பெருக்கிக் கொடுக்க ஒரு சேர்வோ. மிதிக்கவே தேவையில்லை, காலை வைத்தால் நிற்கும். டிப்ளோமா வைத்திருக்கிற ஒருவர் சரிவராது என்று தலையாட்டிய வேலை. வெளியே பார்த்தால் அதே பச்சைக் கார்.

ஒவ்வொன்றையும் சிவபாதத்திடம் கேட்டுத்தான் செய்தேன். சீட் இந்த உயரம் போதுமா? கிளச் இந்தப் பாரம் சரியா? "போதும் அண்ணை. சரி அண்ணை." யோகமும் இரண்டு தடவை கூட வந்தார்.

"அண்ணை, அந்தப் பெடல்..." என்று ஒருமுறை தொடங்கினார்.

"நீர் சும்மா இரும். அண்ணைக்குத் தெரியும்," என்றார் சிவபாதம்.

"ஓம் தங்கச்சி, யோசியாதைங்கோ. அது என்ர வேலை," என்றேன் நானும்.

டிரைவர் சீட்டில் சீலைத் துணியால் தைத்த தடித்த குஷன் ஒன்று கிடந்தது. யாருக்கோ நாரிப்பிடிப்பு, இடுப்புவலிக்கு வைத்ததாக்கும் என்று குப்பையில் போட்டேன்.

முதல் தேசிக்காய் நாள். ஐயர் சாவியைத் தட்டில் வைத்து நீட்டினார். நம் வழக்கப்படி அதை எடுத்து ஆம்பிளையின் கையில் கொடுத்தேன். சிவபாதம் சாவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எனக்கு லைசென்ஸ் இல்லை அண்ணை. மூண்டு தரம் பெயில்."

யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆறு கிழமையாகக் கிளச்சின் பாரத்தைப் பற்றி நான் யாரிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்?

யோகம் ஏறினார். நாலடி பத்தங்குலம் இருப்பார். கால் எட்டுவதற்காகச் சீட் நுனிக்கு வந்தார். பார்வை ஸ்டியரிங்குக்குக் கீழே போய்விட்டது. கார் நகர்ந்தது, தேசிக்காய் நசிந்தது. பழைய பழக்கத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தார். கார் ஆணி அடித்ததுபோல் நின்றது. அவர் ஸ்டியரிங்கில் போய் இடிபட்டார்.

இறங்கிவிட்டார். சாவியை என் பக்கம் நீட்டினார். "எனக்கு ஏலாது."

"பயப்பிடாதைங்கோ தங்கச்சி. இந்தப் பிரேக் சத்தியமா நிக்கும். எனக்குத் தெரியும்."

"நிக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும் அண்ணை," என்றார் மெதுவாக. "எனக்கெல்லோ தெரிய வேணும்."

என் வேலையில் குறை சொன்ன எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அன்று காரைத்தான் திரும்பக் கராஜுக்குக் கொண்டுபோனேன்.

புதன்கிழமை யோகத்துக்குப் போன் பண்ணினேன். "அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஆனா கதைக்கிறது நீங்கள்."

வந்தார். யோகத்தை உட்கார வைத்துச் சீட்டை உயர்த்தினேன். பெடலுக்குக் கட்டை வைத்தேன். "எவ்வளவு அமத்திறனோ அவ்வளவுதான் பிடிக்க வேணும் அண்ணை," என்றார். சேர்வோவைக் கழற்றிச் சின்னதாக ஒன்று போட்டேன். பிறகு கராஜுக்குப் பின்னால் உள்ள வெறுங்காணியில் ஒரு வெங்காயப் பெட்டியை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

முதல் தரம் பெட்டிக்கு ஒரு பஸ் நீளம் முன்னாலேயே நிறுத்தினார். பிறகு அரை பஸ். நான் வாயே திறக்கவில்லை — என் வாயை அறிந்தவர்களுக்கு அதன் கஷ்டம் விளங்கும். இருபதாவது தரமோ என்னவோ, பெட்டிக்குக் கிட்ட வந்து நிறுத்தினார். இறங்கி, கையை விரித்து அளந்து பார்த்தார். ஒரு சாண்.

"ஓம்," என்றார். அவ்வளவுதான்.

யோசித்துப் பார்க்கிறேன்... வீடு வாங்கப் போனாலும் நாங்கள் இப்படித்தானே? குசினியின் அகல நீளத்தை ஆம்பிளைகள் நின்று அளப்போம். அதில் சமைக்கப் போகிறவர் வாசலில் செருப்போடு காத்து நிற்பார்.

போன ஞாயிறு சாவி யோகத்தின் கையில். சீட்டில் புதுக் குஷன் — அதுவும் சீலைத் துணிதான். சிவபாதம் இடப்பக்கம் ஏறிக் கதவைச் சாத்தியதும் தொடங்கினார். "மெல்ல... மெல்ல... பிரேக்கில கால் வையும்..."

"நீங்கள் சும்மா இருங்கோ," என்றார் யோகம். "எனக்குத் தெரியும்."

எஞ்சினைப் பற்றி அன்று ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல எஞ்சின் அது... நான் சொல்லாவிட்டால் யார் சொல்வது?