வீணாய்ப் போன ரோல்கள்

எனக்கு அவசர புத்தி. பழைய கேமராவோ நிதானம் கேட்கிற சாதனம். இரண்டையும் சேர்த்துக் கட்டிவைத்தது என் மகள். 1993-ல் அவளுக்கு இரண்டு வயது. ஒரே ஒரு படத்திலாவது அவள் முகம் தெளிவாக விழுந்துவிட வேண்டும் என்று கிடந்து தவித்தேன். அந்த வயது நமக்காகக் காத்திருக்குமா?

கோட்டக்குப்பத்தில், துபாயிலிருந்து திரும்பிய ஒருவரிடம் கேமராவை வாங்கினேன். பின்மூடியைத் திறந்து ஷட்டரைத் தட்டிப் பார்த்தேன். லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பூஞ்சை தேடினேன். எல்லாம் சுத்தம். "இதுல எல்லாமே கையாலதான் தம்பி. ஜல்தி பண்ணா வேலைக்கு ஆவாது" என்றார். கேட்கிற காதா இது?

கண்ணை வைத்தால் நடுவில் ஒரு சின்ன வட்டம். அதில் முகம் இரண்டாக வெட்டுப்பட்டுத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருகித் திருகி அதை ஒட்டவைத்த பிறகுதான் பொத்தானை அமுக்க வேண்டும். மயிலம் கோயில் படியில் மனைவி குழந்தையைத் தோளில் பிடித்து நிறுத்தினாள். கீழே நின்று நான் வளையத்தைத் திருகினேன். முகம் ஒட்டியது. "கைய எடு" என்றேன். படத்தில் குழந்தை மட்டும்தான் இருக்க வேண்டுமாம்! அவள் கையை எடுத்த மறுநொடி குழந்தை என்னைப் பார்த்து ஓடிவந்தது. வளையத்தை மறுபடி திருகாமலே நான் அமுக்கிவிட்டேன்.

"புடிச்சிக்கினு இருக்க மாட்டியா?"

"நீங்கதானே கைய எடுக்கச் சொன்னீங்க!"

"சொன்னா? அப்படியே வுட்டுடறதா?"

விழுப்புரத்தில் ரோலைக் கழுவிக் கொடுத்த ஸ்டுடியோக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "பாப்பா எல்லாத்துலயும் கலங்கிப் போச்சு சார். வீட்ல அவங்கதான் நச்சுனு வுழுந்திருக்காங்க."

"அவள யாருய்யா எடுக்கச் சொன்னது?" என்று எரிந்து விழுந்தேன். மனைவி பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

குற்றம் கேமராவுடையது என்று முடிவுகட்டி மாற்றினேன். அடுத்ததில் வளையம் இறுக்கம் என்று அதையும் மாற்றினேன். பெருமுக்கல் பாறையிலும் சரி, திண்டிவனத்தில் எங்கள் மொட்டைமாடியிலும் சரி, அதே கூத்து, அதே சண்டை. வீணான படங்களை ஜவுளிக்கடைப் பை ஒன்றில் திணித்தேன். மகள் ஒழுங்காக நிற்கக் கற்றுக்கொண்டபோது அந்த இரண்டு வயது முகம் போயே போய்விட்டது. வெறுத்துப்போய்க் கேமராவையும் பையையும் பரண்மேல் எறிந்தேன். அதற்கப்புறம் யார் படம் எடுத்தாலும், "நான் எதுக்கு?" என்று மனைவி நகர்ந்துவிடுவாள்.

மகள் கல்லூரி முடித்த வருடம், காய்ச்சலில் படுத்த மனைவி எழுந்திருக்கவே இல்லை. மாலை போட ஒரு படம் வேண்டும். வாக்காளர் அட்டையில் இருந்த முகத்தை அவள் என்று நானே சொல்ல மாட்டேன். மகள் பரணில் ஏறி அந்தப் பையை இறக்கினாள்.

ஒவ்வொரு படத்திலும் என் மனைவி. புருவத்து முடிகூடத் தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருந்தாள். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, ஓடுகிற பிள்ளை விழுந்துவிடுமோ என்று பதறுகிற முகம். இத்தனை வருடம் இதையா குப்பை என்று போட்டுவைத்திருந்தேன், பாவி! தாங்க முடியாமல் அழுதேன்.

மயிலத்துப் படத்தைப் பெரிதாக்க அதே ஸ்டுடியோவுக்குப் போனோம். அவர் அதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்.

"அம்மா நல்லா இருக்காங்க. கீழ மட்டும் மங்கலா ஏதோ கீது. வெட்டிடலாமா சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள்: "அது நான்தாங்க. இருக்கட்டும்."