சிலுப்பாத ஆடு

என் மகள் குறைமாதத்தில் பிறந்தாள். அவள் பிழைத்தால், மூன்று வயது முடிந்ததும் சேதராப்பட்டுப் பக்கத்து முனீஸ்வரனுக்குக் கிடா வெட்டுவதாக என் மாமியார் ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே வேண்டிக்கொண்டார். மகள் பிழைத்தாள். பிழைத்ததோடு விட்டாளா, வீட்டையே இரண்டாக்கினாள். சாமிக்கென்று வாங்கிய கிடாக்குட்டியும் அவளோடு கூட்டுச் சேர்ந்துகொண்டது.

புதுச்சேரியில் மில்லுக்குப் பின்னால் எங்களுக்கு ஒற்றை அறை வீடு. ஆட்டு வாடை எனக்கு ஆகாது. அதனால் தினமும் மகளைக் குளிப்பாட்டிய கையோடு அதற்கும் இரண்டு குடம் ஊற்றிவிடுவேன். சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். வெட்டுகிற நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பெண்ணையே கொடுத்த சாமிக்குக் கறிக்கா பஞ்சம் என்று மனசு கேட்டது. வேண்டுதல் தப்பினால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அதே மனசு நடுங்கவும் செய்தது.

ஓர் ஆடி ஞாயிறு, என் கணவர் ஓட்டும் லோடு ஆட்டோவில் கோயிலுக்குப் போனோம். பூசாரி ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அது உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி சம்மதித்ததாக அர்த்தம், அப்புறம்தான் கத்தி. ஆடு சிலுப்பவில்லை. ஒரு செம்பு ஊற்றினார். ஒரு குடம் ஊற்றினார். அது கண்ணை மூடிக்கொண்டது. சோப்பு எங்கே என்று கேட்காத குறை. செல்போனில் கேமரா இல்லாத காலம். இருந்திருந்தால் அதைப் பிரேம் போட்டு மாட்டியிருப்பேன். காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறப்பேனா? முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது குடமும் தீர்ந்தது. "சாமிக்கு வேணாமாம்மா, இட்டுனு போங்க" என்றார் பூசாரி.

மாமியாரின் முகம் வாடிப்போனது. "எம்மேல இன்னா கோவமோ" என்றபடி வண்டியின் பின்பக்கம் ஏறினார்.

"கோவமிருந்தா கொழந்த இப்டி ஓடியாடுமா அத்தே? சாமி எதையும் கேக்கவே இல்ல. நாமதான் தரேன்னோம்" என்றேன்.

வண்டி மெயின் ரோட்டில் ஏறியது. காற்றுப் பட்டதும் ஆடு காது முதல் வால் வரை ஒரு சிலுப்பு சிலுப்பியது பாருங்கள், எல்லோர் முகத்திலும் மஞ்சள் தண்ணீர். மகள் கைகொட்டிச் சிரித்தாள். கணவர் வண்டியை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, சிலுப்பிடுச்சே. திருப்பட்டுமா?"

நான் ஆட்டின் கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். மாமியார் ஆட்டைப் பார்த்தார். அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த பேத்தியைப் பார்த்தார். முந்தானையால் முதலில் ஆட்டின் முகத்தைத் துடைத்தார், பிறகு தன் முகத்தை.

"ஈரத்துல ஜன்னி வந்துடப் போவுது. சீக்கிரம் வூட்டுக்கு ஓட்டுடா" என்றார்.